காடறிந்த கண்கள்

1857-ம் வருஷம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து இரண்டு ஆங்கிலேயர்கள் உள்நாட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். ஒருவர் ரிச்சர்டு பர்ட்டன். மற்றவர் ஜான் ஸ்பீக். உள்நாட்டில் கடல்போல் பரந்த ஏரிகள் இருப்பதாக அராபிய வியாபாரிகள் சொல்லிவந்தார்கள். அந்த ஏரிகளைக் காண வேண்டும். முடிந்தால் நைல் நதி பிறக்கும் இடத்தையும் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இருவருடைய ஆசை. பணம் இருந்தது. துப்பாக்கி இருந்தது. திசை காட்டும் கருவியும் இருந்தது. அந்தக் காட்டையும் அங்குள்ள ஜனங்களையும் அறிந்த ஒரு மனிதர்தான் வேண்டியிருந்தது.

அவரும் வந்து சேர்ந்தார். அவர் பெயர் என்ன தெரியுமா? பம்பாய்!

சிடி முபாரக் பம்பாய் என்பது முழுப் பெயர். யாவோ என்னும் ஆப்பிரிக்க இனத்தில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே அடிமை பிடிப்பவர்கள் அவரைக் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். கப்பலேறி இந்தியாவின் மேற்குப் பக்கம் வந்து, பல வருஷங்கள் அடிமையாக உழைத்தார். எஜமானர் இறந்ததும் விடுதலை கிடைத்தது. ஊருக்குத் திரும்பினார். அடிமையாக இருந்த நாட்டிலிருந்து அவர் கொண்டுபோனவை இரண்டு: ஒன்று அந்தப் பெயர், மற்றொன்று ஹிந்துஸ்தானி பாஷை. ஸ்பீக்கோ இந்தியாவில் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்கும் அரைகுறையாக ஹிந்துஸ்தானி வரும். ஆகவே ஆப்பிரிக்கக் காட்டின் நடுவே ஓர் ஆங்கிலேயரும் ஓர் ஆப்பிரிக்கரும் ஹிந்துஸ்தானியில் பேசிக்கொண்டே நடந்தார்கள்! இப்படி ஒரு விந்தையைக் கதையில் எழுதினால் யாராவது நம்புவார்களா?

1858-ல் டாங்கனிகா ஏரியைக் கண்டபோதும், அதே வருஷம் ஸ்பீக் மற்றொரு பெரிய ஏரியைக் கண்டு அதற்கு விக்டோரியா ராணியின் பெயரை வைத்தபோதும் பம்பாய் கூட இருந்தார். 1871-ல் ஸ்டான்லி என்ற பத்திரிகை நிருபர் காணாமற்போன லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்தாரே, அந்தக் கூட்டத்திலும் பம்பாய் இருந்தார். பிறகு 1873 முதல் 1875 வரை காமரன் என்பவர் கரைக்குக் கரை ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, தலைமை ஆள் யார் என்று சொல்ல வேண்டுமா? லண்டன் பூகோளச் சங்கத்தார் அவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் உபகாரச் சம்பளமும் கொடுத்தார்கள். 1885-ல் அவர் காலமானார். கூடப் போன வெள்ளைக்காரர்களின் பெயர்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஏறின. பம்பாயின் பெயர் ஏறவில்லை.

உளுந்தில் மிச்சம் பிடிப்பவர்கள்

இன்றைக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் நைல் நதியைத் தேடிப் போவதில்லை. சிங்கத்தையும் யானையையும் கூண்டில் இல்லாமல், அவற்றின் சொந்த வீட்டிலேயே பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறார்கள். அந்தப் பிரயாணத்துக்குத்தான் சஃபாரி என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் ஸ்வாஹிலி பாஷையில் சஃபாரி என்றால் யாத்திரை. 'சஃபர்' என்னும் அராபி வார்த்தையிலிருந்து வந்தது. நம் ஊர்ச் 'சவாரி'யும் இதுவும் ஒன்று என்று சிலர் நினைப்பதுண்டு. சவாரி பாரசீகத்திலிருந்து வந்த வேறு வார்த்தை. காதுக்கு ஒற்றுமை, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் சஃபாரி என்றால் பெரிய கம்பெனிகள்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும். இப்போது அந்தத் தயவு வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் விமான டிக்கெட் வாங்கலாம். நைரோபி நகரில் ஜீப் வாடகைக்குப் பேசலாம். காட்டோரத்தில் கூடாரம் பதிவு செய்யலாம். கென்யாவில் வண்டி ஓட்டுவதும் நம் நாட்டைப் போல இடது பக்கம்தான். தானே திட்டம் போட்டுத் தானே போகிறவருக்குச் செலவு குறைகிறது; நினைத்த இடத்தில் இரண்டு நாள் கூட இருக்கலாம்; பிடிக்காத இடத்தை விட்டுக் கிளம்பலாம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் செலவுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரும்போது, பேனா கடைசியில் வழிகாட்டியின் மேல் வந்து நிற்கிறது. "வழிகாட்டி எதற்கு? கைப்பேசியில்தான் வரைபடம் இருக்கிறதே!" என்று அதையும் ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். இட்லிக்கு உளுந்தை மிச்சம் பிடித்த கதைதான் இது. கூடாரத்தில் மெத்தை சுமாராக இருக்கலாம். ஜீப் பழையதாக இருக்கலாம். சாப்பாட்டில் இரண்டு பதார்த்தம் குறையலாம். அதனால் சஃபாரி கெட்டுப் போகாது. ஊர் அறிந்த வழிகாட்டி இல்லாவிட்டால்தான் கெட்டுப் போகும்.

கென்யாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் மசாய் மாராவையே எடுத்துக்கொள்ளலாம். நைரோபியிலிருந்து நாரோக் என்ற ஊர் வழியாகச் சுமார் 270 கிலோமீட்டர். 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளி. அதன் தெற்கே எல்லைக்கு அப்பால் டான்ஸானியா நாட்டின் செரெங்கெட்டி; அது 14,763 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. மனிதருக்குத்தான் பாஸ்போர்ட், மிருகங்களுக்கு இல்லை! வெளிநாட்டுப் பிரயாணிகள் மாராவுக்குள் நுழைய, ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு ஆள் ஒன்றுக்கு 200 டாலர் என்று 2024-ல் கட்டணத்தை உயர்த்தினார்கள். இத்தனை பணம் கட்டி உள்ளே போய்ப் புல்லைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் உண்டு. ஆண் சிங்கமே ஆனாலும் உயர்ந்த புல்லில் படுத்துவிட்டால் இருபது அடியில் இருப்பது தெரியாது. அது ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கழுகு இறங்கவில்லையே, ஏன்?

விடியற்காலை ஆறு மணி. குளிர் எலும்பைக் குடைகிறது. ஜீப் ஒரு மேட்டின் மேல் ஏறியதும் வழிகாட்டி எஞ்சினை நிறுத்துகிறார். பின்னால் இருப்பவர்கள், "என்ன, வண்டி நின்றுவிட்டதா?" என்கிறார்கள். அவர் பதில் சொல்வதில்லை. காது கொடுத்துக் கேட்கிறார். வந்திருப்பவர்களுக்கு அது வெறும் நிசப்தம். அவருக்கோ அது அன்றைய காலைப் பத்திரிகை!

தூரத்தில் கினிக்கோழிகள் ஓயாமல் கத்துகின்றன. இம்பாலா மான் ஒன்று தும்முவதுபோல் மூக்கால் சீறுகிறது. ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை விட்டு, நாலும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி அசையாமல் நிற்கின்றன. கறையான் புற்றின் மேல் ஏறி நிற்கும் டோப்பி மானும் அதே பக்கம்தான் பார்க்கிறது. இத்தனை பேர் விரலை நீட்டிக் காட்டிய பிறகு, அங்கே சிங்கமோ சிறுத்தையோ இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கழுகுகளின் கணக்கு இன்னும் வேடிக்கை. ஆகாயத்தில் வட்டமிட்டு ஒன்றன் பின் ஒன்றாக இறங்கினால் அங்கே பிணம் கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியும். இறங்காமல் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து காத்திருந்தால்? அடித்த மிருகம் இன்னும் அங்கேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வழிகாட்டி இந்த மரத்தைத் தேடித்தான் வண்டியை விடுவார். தெரியாதவரோ தரையில் கழுகுக் கூட்டத்தைக் கண்டு ஓடுவார்; போய்ச் சேரும்போது அங்கே எலும்புதான் மிஞ்சியிருக்கும்.

சிறுத்தையைக் கண்டுபிடிக்க அவர் சிறுத்தையைத் தேடுவதில்லை. ஆற்றோரத்துப் பெரிய மரங்களில் குறுக்குக் கிளைக்குக் கீழே ஏதாவது கயிறுபோல் தொங்குகிறதா என்று பார்க்கிறார். அது வாலாக இருக்கும். சிவிங்கிப்புலியைத் தேடும்போது புற்றுகளைப் பார்க்கிறார். அது உயரத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் நோட்டம் விடும் வழக்கமுள்ளது. முந்தின நாள் எந்தச் சிங்கக் கூட்டம் எங்கே வேட்டையாடியது, எந்தப் பெண் சிங்கம் குட்டி போட்டிருக்கிறது, எந்த ஓடையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரிந்தவர் யார் என்று தெரியும். அத்தை பிள்ளை ஒருவர் அந்தப் பக்கம் மாடு மேய்ப்பார். ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

இந்தப் போன் சாமானியமல்ல. மாரா - செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்ற மான் இனம் சுமார் 13 லட்சம் இருக்கிறது. மாட்டு முகமும் தாடியுமாக இருக்கும். மழையைத் தேடி வருஷம் முழுவதும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தெற்குச் சமவெளியில் குட்டி போடும். உச்சகட்டத்தில் ஒரே நாளில் எட்டாயிரம் குட்டிகள் கூடப் பிறக்கும்! ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா நதியைக் கடக்கும். புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் இது பஞ்சாங்கத்தில் குறித்த தேர்த் திருவிழா அல்ல. மழை பத்து நாள் பிந்தினால் மந்தையும் பிந்தும். நடுவில் ஒரு மழை தெற்கே பெய்தால் வந்த மந்தை திரும்பியே போய்விடும். ஒன்பது மாதத்துக்கு முன் கூடாரம் பதிவு செய்த பிரயாணிக்கு அது எப்படித் தெரியும்? நேற்றுச் சாயங்காலம் எந்தப் பக்கம் மின்னல் வெட்டியது என்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மழை என்றதும் மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாராவில் பல இடங்களில் இருப்பது கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு அதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை. காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் களி. அங்கேயும் அப்படியேதான். வரைபடத்தில் வழி என்று போட்டிருக்கும் தடத்தில் அரை மணி மழைக்குப் பின் ஜீப் அச்சு வரை புதைந்துவிடும். சரி, இறங்கித் தள்ளலாமே என்றால், இறங்கக் கூடாது! பக்கத்துப் புதரில் என்ன படுத்திருக்கிறது என்று யார் கண்டது? ஊர் வழிகாட்டி அந்தத் தடத்தில் போகவே மாட்டார். கொஞ்ச தூரம் சுற்றினாலும் மேட்டு வழியாகவே வருவார்.

மதம் பிடித்த யானை

வேடிக்கை பார்ப்பது ஒரு பக்கம். உயிர் இருக்கிறதே! காட்டில் ஆண் யானை ஒன்று தனியாக எதிரே வருகிறது. வண்டியை நிறுத்துவதா, பின்னால் எடுப்பதா?

இங்கே ஒரு ருசிகரமான விஷயம் உண்டு. யானைக்கு மதம் பிடிக்கும் என்பது தமிழ்நாட்டில் சங்க காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஆப்பிரிக்க யானைக்கும் மதம் உண்டு என்பதை விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொண்டது எப்போது? 1981-ல்தான்! கென்யாவின் அம்போஸெலி காட்டில் யானைகளோடு வருஷக்கணக்காக இருந்த ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் என்ற இரு பெண்மணிகள் அதை எழுதி வெளியிட்டார்கள். அதுவரை ஏன் தெரியவில்லை? ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும்கூடக் கன்னத்தில் நீர் வழிவதுண்டு. அதனால் கன்னத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆண் யானையின் பின்னங்கால்கள் சிறுநீரால் நனைந்திருக்கின்றனவா, தலையை உயர்த்தி வீறாப்பாக நடக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வழிகாட்டி அதைத்தான் பார்க்கிறார். காதை விரித்துத் தலையை ஆட்டித் தும்பிக்கையை வீசினால் அது பெரும்பாலும் மிரட்டல். காதை மடித்து ஒட்டிக்கொண்டு, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்தால் அது மிரட்டல் அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துக் கண்டுபிடிக்கக் கிடைக்கும் அவகாசம் சில விநாடிகள்தான். வீட்டிலிருந்து கைப்பேசியோடு வந்தவர் அந்த விநாடிகளில் படம்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஜீப்பே இல்லாமல் காலால் நடந்து போகும் சஃபாரியும் உண்டு. ஜாம்பியா நாட்டின் லுவாங்வா பள்ளத்தாக்கு அதற்குப் பெயர் போனது. நார்மன் கார் என்பவர் அங்கே 1950-ல் உள்ளூர்த் தலைவரான ந்செஃபுவுடன் சேர்ந்து, காடு பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் ஊருக்கும் ஒரு பங்கு என்று ஏற்பாடு செய்தார். நடந்து காடு பார்க்கும் வழக்கம் அவரால்தான் பரவியது. அங்கே துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னால் நடப்பார், வழிகாட்டி அடுத்து, பிரயாணிகள் பின்னால் ஒற்றை வரிசையாக. எல்லாரும் தரையைப் பார்த்து நடக்க, வழிகாட்டியின் ஒரு காது மட்டும் மேலே இருக்கும். மிருகங்களின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் ஒரு சிறு பறவை திடீரென்று சிலுசிலுத்துக்கொண்டு புதருக்கு மேல் எழும்பினால், அந்தப் புதருக்குள் காட்டெருமை நிற்கிறது! வரிசை அப்படியே நின்று, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கும். ஸ்வாஹிலியில் இந்தப் பறவைக்குக் 'காண்டாமிருகத்தின் காவல்காரன்' என்று பெயர். மிருகத்துக்குக் காவல், மனிதருக்கும் காவல்.

"இன்னும் கிட்டப் போ!"

நல்ல வழிகாட்டியின் மதிப்பு அவர் காட்டுவதில் பாதி என்றால், மறுப்பதில் மறு பாதி. இதுதான் பிரயாணிகளுக்குச் சுலபத்தில் புரிவதில்லை.

மாரா நதிக்கரை. ஆயிரக்கணக்கான வில்டபீஸ்ட்கள் வந்து நிற்கின்றன. தண்ணீரில் முதலை. முன்னால் நிற்பது தயங்குகிறது. பின்னால் நிற்பது தள்ளுகிறது. ஒரு மணி நேரம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பியும் போய்விடும். சில சமயம் நாலு மணி நேரம் கழித்துக் குதிக்கும். முதல் மிருகங்கள் இறங்கி, வரிசை ஓட ஆரம்பிக்கும் வரை வண்டிகள் தள்ளி நிற்க வேண்டும் என்பது முறை. அவசரக்காரர்கள் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மந்தை வழக்கமான துறையை விட்டுச் செங்குத்தான கரையில் விழுந்து காலை முறித்துக்கொள்ளும். தாயும் குட்டியும் பிரிந்துபோகும்.

அந்த நதியில் மூழ்கி இறப்பது இயற்கையிலேயே உண்டு. வருஷத்துக்குச் சராசரி 6,250 வில்டபீஸ்ட்கள் மூழ்குகின்றன என்று 2017-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. அவற்றைத் தின்று மீனும் கழுகும் வாழ்கின்றன. காடு தன் கணக்கைத் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஜீப்புக்கு இடமில்லை. ஆனால் 2025 ஜூலையில் என்ன நடந்தது? செரெங்கெட்டியின் வட கோடியில், இதே நதிக்கரையில், பிரயாணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் கும்பலாக நின்று மந்தையின் வழியையே மறித்தார்கள். அந்தக் காட்சி படமாகி உலகம் முழுவதும் பரவியது. டான்ஸானியப் பூங்கா நிர்வாகம் அறிக்கை வெளியிட நேர்ந்தது. அத்தனை வண்டிகளிலும் ஓட்டுநர்கள் இருந்தார்கள், வழிகாட்டிகளும் இருந்திருப்பார்கள். 'கூடாது' என்று சொல்லும் துணிச்சல் மட்டும் இருக்கவில்லை.

ஏன் இல்லை? அதற்குக் காரணம் பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறது. "இன்னும் கிட்டப் போ! கூடக் கொடுக்கிறேன்" என்கிறார் பிரயாணி. வழிகாட்டிக்கு வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். இனாம்தான் அவருடைய வருமானத்தில் பெரிய பகுதி. மறுத்தால் அன்றைய இனாம் போச்சு. மாராவில் ஒரு மிருகத்தைச் சுற்றி ஒரே சமயத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தடத்தை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. விதியை மீறிப் பிடிபட்டால் அபராதம் அவருக்கு. பிரயாணி மறுநாள் விமானம் ஏறிவிடுவார்.

இதனால் சேதப்படுவது யார் தெரியுமா? சிவிங்கிப்புலி. பகலில் வேட்டையாடும் பிராணி அது. வண்டிகள் சூழ்ந்தால் வேட்டை கெடும், குட்டிகள் பட்டினி, கூட்டத்தைக் கண்டு கழுதைப்புலி வேறு வந்து சேரும். மாராவில் செய்து 2018-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மலைக்க வைக்கிறது. பிரயாணிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. பிரயாணிகள் மொய்க்கும் பகுதிகளில் 0.2 மட்டுமே! அதாவது ஐந்து தாய்களுக்கு ஒரு குட்டி. மிருகத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவர்களே மிருகத்துக்குச் சத்துருவாகிறார்கள்.

நல்ல வழிகாட்டி தூரத்திலேயே நிறுத்துவார். "குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது, பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போய்விடலாம்" என்பார். சில பிரயாணிகள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பைத் தாங்கத் தெரிந்தவருக்குத்தான் அதிக இனாம் கொடுக்க வேண்டும். உலகத்தில் நடப்பதோ தலைகீழ்.

அந்த ஊர்ப் பிள்ளையையே அமர்த்திக்கொள்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மாராவைச் சுற்றியுள்ள நிலம் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்களுக்கு மாடுதான் செல்வம். மாட்டைச் சிங்கம் அடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? 2015 டிசம்பரில், பி.பி.சி. டெலிவிஷனில் வருஷக்கணக்காகக் காட்டப்பட்டு உலகப் பிரசித்தி பெற்றிருந்த மாராவின் சதுப்பு நிலச் சிங்கக் கூட்டத்துக்கே இப்படி விஷம் வைக்கப்பட்டது. சில சிங்கங்கள் மடிந்தன. அதே சிங்கத்தைக் காட்டி ஒரு வீட்டுப் பிள்ளை சம்பளம் வாங்கினால், அந்த வீட்டுப் பெரியவர் சிங்கத்தைப் பார்க்கும் பார்வை வேறாகிவிடும். ஒரு மாடு போனாலும் கணக்குப் பார்க்கத் தோன்றும்.

தேன்காட்டிப் பறவை

பம்பாய் பிறந்தது யாவோ இனத்தில் அல்லவா? மொஸாம்பிக் நாட்டில் இன்றும் யாவோ மக்கள் காட்டில் தேன் எடுக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி யார்? ஒரு பறவை! தேன்காட்டி என்று பெயர். தேன்கூடு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் தேனீக்களை விரட்டிக் கூட்டை உடைக்க அதனால் முடியாது. மனிதரால் முடியும். ஆகவே மனிதர் 'ப்ர்ர்ர்ர்-ஹ்ம்' என்று ஒரு குரல் கொடுத்தால், பறவை வந்து மரத்துக்கு மரம் பறந்து வழி காட்டுகிறது. ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். அந்தக் குறிப்பிட்ட குரலைக் கொடுத்தால் கூடு கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 54. வேறு சத்தம் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தேன் எடுத்த பிறகு யாவோ மக்கள் மெழுகைப் பறவைக்கென்று வைத்துவிடுவார்கள். மெழுகுதான் அதற்கு ஆகாரம். டான்ஸானியாவின் ஹட்ஸா மக்கள் வேறு மாதிரி. அவர்கள் சில சமயம் மெழுகை எரித்தோ புதைத்தோ விடுவார்கள். பறவைக்கு வயிறு நிறைந்தால் மறுபடி வழி காட்டாதாம்! இனாம் விஷயத்தில் இரண்டு கட்சிகள் பறவை உலகத்திலும் இருப்பதைக் கண்டு சிரிப்புத்தான் வருகிறது.

ஆளைத் தேர்வது எப்படி?

கென்யாவில் வழிகாட்டிகளுக்குப் பரீட்சை வைக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். தங்கப் படி ஏறியவர்கள் வெகு சிலரே. வெள்ளிப் படி ஏறியவர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. புறப்படுவதற்கு முன்பே கைப்பேசியில் பத்து நிமிஷம் பேசிப் பார்த்துவிட வேண்டும். "சிங்கம் கட்டாயம் காட்டுவீர்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். "கட்டாயம் காட்டுகிறேன்" என்பவரை விட்டுவிடலாம். "காடு என்ன கொடுக்கிறதோ பார்க்கலாம், எத்தனை நாள் தங்குகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பவரைப் பிடித்துக்கொள்ளலாம். கூட வருவது குழந்தைகளா, வயோதிகர்களா, பறவை பார்ப்பதில் ஆசை உண்டா, சைவச் சாப்பாடா என்றெல்லாம் தாமாகவே விசாரிக்கிறவர் இன்னும் மேல்.

சாதாரணமாக எல்லோரும் முதலில் கூடாரம், பிறகு ஜீப், கடைசியில் வழிகாட்டி என்று போகிறார்கள். இதைத் திருப்பிப் போடுவது நல்லது. முதலில் வழிகாட்டியைப் பேசிக்கொண்டு, அவரைக் கேட்டுக் கூடாரத்தைப் பதிவு செய்தால், மந்தை இருக்கும் பக்கத்தில் கூடாரம் அமையும். நதிக்கு அந்தப் பக்கம் மந்தை, இந்தப் பக்கம் கூடாரம் என்றால், பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவதிலேயே பாதிப் பகல் போய்விடும்.

பாஷையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். ஸ்வாஹிலியில் வண்டிக்குக் 'காரி', கடைக்கு 'டுகா', சப்பாத்திக்குச் சப்பாத்தியேதான். முன்காலத்தில் கடல் கடந்துபோன நம் நாட்டு வியாபாரிகளும் கூலிகளும் விட்டுவிட்டு வந்த வார்த்தைகள் இவை. வழிகாட்டி 'போலே போலே' என்று சொன்னால் மெதுவாக, அவசரப்படாமல் என்று பொருள். காட்டில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை அது.

கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அதற்கு வசதி உண்டு. பிரயாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொண்டு, அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது விமான நிலையத்திலிருந்து நேரே ஆறு நாள் தனி வாசம் கிடைத்தாலும் கிடைக்கும்.